புஸ்பக்கா பார்க்கப் போன படம்

களுதாவளை மெயின் றோட்டில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. ஒட்டுப் போடுவேன், வீல் நிமிர்த்துவேன், பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுப்பேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை நான் பார்க்கவில்லை, அதுவும் என்னைத் தேடவில்லை. புஸ்பக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எந்த நுனியைப் பிடிப்பதென்று தெரியவில்லை. சைக்கிளில் இருந்தே தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

கடையின் பின் சுவரோடு ஒரு பொம்பிளைச் சைக்கிள் சாத்தியிருக்கிறது. நீல நிறம், முன் கூடையில் ஒரு பக்கம் நெளிவு. புஸ்பக்காவின் மகள் தவமலருடையது. தொண்ணூற்றி நாலு மாசியில் பின் ரயருக்கு ஒட்டுப் போடத் தந்தாள். "நாளைக்கு எடுக்கிறன் மாமா" என்று சொன்னவள் அடுத்த நாள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கிருந்து சவூதி. சைக்கிளை எடுக்க ஒருவரும் வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

புஸ்பக்காவின் வளவு கடைக்கு எதிர்ப்பக்கம். வளவு முழுக்க வெற்றிலைக் கொடி. தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்குப் போன கட்டின மனிசன் திரும்பி வராத பிறகு, அந்தக் கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் அவ மகளை வளர்த்தா. இலை கிள்ளுவதற்காக வலது பெருவிரலில் நகத்தை நீளமாக விட்டிருப்பா. குரலோ பெருங்குரல். வேலிக் கடப்படியில் நின்று "டேய் கோணாமலை" என்று என்னைக் கூப்பிட்டால் பிள்ளையார் கோயிலடியில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. ஆனால் நாப்பது தாண்டின என்னை "டேய்" போட்டுக் கூப்பிட இந்த ஊரில் அவ ஒரு ஆளுக்குத்தான் உரிமை.

அந்தப் பெருங்குரலுக்காரி, பதினாறு வயது மகளை அவவே அனுப்பினா. காலம் அப்படி. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை ஆமியிடம், அந்தப் பக்கம் படுவான்கரை இயக்கத்திடம். குமர்ப் பிள்ளை வைத்திருந்த தாய் எந்தப் பக்கத்து வாகனச் சத்தம் கேட்டாலும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவா. ஒரு ஏஜென்டுக்காரன் வந்தான். இந்த வயதுக்கு விட மாட்டார்கள், அங்குள்ள வீட்டுக்காரரும் முஸ்லிம் பிள்ளைதான் வேணும் என்கிறார்கள் என்றான். கடைசியில் பாஸ்போட்டில் இருபத்திமூன்று வயது, பேர் றஸீனா. முகம் மட்டும் தவமலருடைய முகம். அந்த நேரம் எங்கள் பக்கத்தில் இது ஒரு புதுப் புதினமில்லை. எத்தனையோ பிள்ளைகள் வேறு பேரில் பிளேன் ஏறினார்கள்.

முதல் வருசம் மூன்று காயிதம் வந்தது. மூன்றிலும் ஒரே பாட்டு: "அம்மா, நீங்க ஏன் எழுதல்ல? உங்கட காயிதம் ஒண்டும் எனக்குக் கிடைக்கல்ல."

எழுதாமல் இல்லை. நான்தான் எழுதினேன். என் எழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கும், புஸ்பக்காவுக்கு அந்தக் கோழியும் இல்லை. விலாசத்துக்கு ஏஜென்டு டைப் அடித்துக் கொடுத்த துண்டு ஒன்று இருந்தது. மேல் வரியில் இங்கிலீசில் றஸீனா. கீழே தபால் பெட்டி இலக்கமும் ஊரும். அவ மேல் வரியைப் பெருவிரலால் மூடிக்கொண்டு கீழே உள்ளதை மட்டும் பார்த்துக் கீறச் சொல்லுவா. மேலே, தமிழில், தவமலர்.

"அக்கா, அந்த வீட்டில தவமலர் எண்டு ஆர் இருக்கா? அவங்களுக்கு றஸீனாவைத்தானே தெரியும்."

"நான் பெத்தது தவமலரை. பிள்ளையார்ர சந்நிதியில வைச்ச பேர். அந்தப் பேரை நானும் விட்டுட்டன் எண்டா அந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கா அந்தப் பேரைச் சொல்ல? மாத்தி எழுதினா ஆளும் மாறிப் போயிருவாள். நீ எழுதுடா."

"காயிதம் போய்ச் சேராதுகா."

"சேரும். தாய்ட காயிதம் சேராம எங்க போற?"

அப்படிப் போட்டதில் ஒன்று எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முழுக்க அரபு முத்திரை. மற்றதெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. மூன்றாவது காயிதத்தோடு தவமலரும் எழுதுவதை விட்டுவிட்டாள். பேரை மாற்றி எழுதுவோம் என்று நான் திரும்பவும் சொல்லிப் பார்த்தேன். அவ என்னோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தா. பிறகு நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் காத்தான்குடி பக்கீர் காக்காவிடம் ஒரு கறுப்பு வெள்ளை ரீவி வாங்கிக் கடையில் வைத்தேன். கரண்டு இல்லாத நேரம் பற்றரியில் ஓடும். அன்ரனாவைக் கமுக மரத்தில் கட்டியிருந்தேன். வாவிப் பக்கத்துக் காற்று அடித்தால் கமுகு ஆடும், படமும் ஆடும். அது பிடித்தது ஒரே ஒரு சிங்களச் சனல்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரைக்கு அதில் ஒரு நாடகம் போட்டார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் நாலு பெட்டைகளின் கதை. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள், அழுவார்கள், மதில் ஏறிக் குதிப்பார்கள்.

ஒரு ஞாயிறு புஸ்பக்கா வெற்றிலை கட்ட வாழைநார் கேட்டு வந்தவ அப்படியே நின்றுவிட்டா.

"டேய், ஆர்ரா அந்தப் பிள்ளை?"

"எது?"

"கடைசியா நிக்கிறாளே, முன்பல்லு ஒண்டோட ஒண்டு ஏறினவள்."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. தவமலருக்கும் முன்பல் அப்படித்தான், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சிரிக்க முதல் கையால் வாயை மறைப்பதும் அவளேதான்.

"சந்தமாலியாம் பேர்."

"என்ன சொல்லுறாள்?"

பொலன்னறுவைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் நான் ஆறு வருசம் மூட்டை தூக்கினவன். அதனால் ஊரில் எனக்குச் சிங்களம் தெரியும் என்று ஒரு பேர். எனக்குத் தெரிந்த சிங்களம் 'தூக்கு', 'இறக்கு', 'தண்ணி கொண்டா', பிறகு நாலைந்து தூசணம். விடுதிப் பெட்டைகள் அந்தச் சொற்களைப் பேசுவதில்லை. ஆனாலும் புஸ்பக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பில் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"தாயை நினைச்சு அழுறாளாம்" என்றேன். "சோதினை முடிய வீட்ட போவனாம்."

புஸ்பக்கா சைக்கிள் ரயர் ஒன்றை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தா. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. நாலு மணிக்கே வந்து, கமுகடியில் நின்று அன்ரனாக் கம்பைக் கிறுக்கித் திருப்புவா.

"வாவிப் பக்கம் கிறுக்கு அக்கா! கூடிப் போயிற்று. மறுகா இஞ்சால!"

"வந்தாளா?"

"மற்ற மூண்டு பேரும் வந்திட்டாளுகள், உன்ட ஆள்தான் பாதி."

"பாதி வந்தாப் போதும். நில்லு, வாறன்."

நான் கதை சொல்லுவேன். சந்தமாலியின் தாய் தூரத்து ஊரில் இருக்கிறா. தாயின் காயிதங்களை விடுதிக்கார மனிசி மறித்து வைத்திருக்கிறாள். தாய் எழுதவில்லை என்று சந்தமாலி நினைக்கிறாள், ஆனால் மனத்தை விடவில்லை. இப்படி. உண்மையில் அந்த நாடகத்தில் என்ன நடந்ததோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எனக்கு ஆச்சிப்பிள்ளை என்று கட்டின மனிசி ஒருத்தி இருக்கிறா, அவவுக்கு எதையும் மறைக்க ஏலாது. அடுப்படியில் இருந்தே சத்தம் வரும்:

"மூட்டை தூக்கின சிங்களத்துக்கு நாடகம் விளங்குதாம்! பாவம் அந்த மனிசி. பிள்ளையைப் பிரிஞ்சதும் போதாதெண்டு உன்ட பொய்யையும் தின்னுது."

"உன்ட புட்டைப் பாரு, அடிப்பிடிக்கப் போகுது" என்று வாயை அடைப்பேன். ஆனால் அவ சொன்னது எனக்குள் கிடந்து உறுத்தியது.

நாடகம் அடுத்த வருசம் ஐப்பசியில் முடிந்தது. கடைசி நாள் சந்தமாலி றங்குப்பெட்டியோடு ஒரு ரெயில்வே ஸ்ரேசனில் நின்றாள். ரெயில் தூரத்தில் வருகிறது. அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள். சிரிக்கப் போகிறாள், கை வாய்க்குப் போகிறது. அதோடு எழுத்து ஓடத் தொடங்கியது.

"ஏறினாளா? வீட்ட போயிற்றாளா?" புஸ்பக்கா எழும்பி நின்றுவிட்டா.

எழுத்து முடிய ஒருவன் வந்து ஏதோ சொன்னான். இந்த நாடகம் சினிமாப் படமாக வரப்போகிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தப்பினேன்.

"மிச்சம் படத்திலதானாம். வீட்ட போறது படத்தில வருமாம்."

அந்த ஒரு சொல்லுக்காக பத்து மாதம் அனுபவித்தேன். ஒவ்வொரு கிழமையும் "படம் வந்திட்டா?" மழை காலம் போனது, வேளாண்மை வெட்டு முடிந்தது, வந்திட்டா, வந்திட்டா. சவூதியில் இருந்து ஒரு வரி இல்லை. சந்தமாலி வீடு போய்ச் சேர்ந்தால்தான் தன் பிள்ளையும் வரும் என்று அவ ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியும். வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்குத் தவமலரின் பேரோடு சந்தமாலியின் பேரையும் சொல்லி, ஐயர் நட்சத்திரம் கேட்டபோது முழித்தவ.

போன ஆவணியில் கல்முனைச் சந்தைக்கு வெற்றிலை கொண்டுபோனவ வெறுங்கூடையோடு ஓடி வந்தா.

"டேய் கோணாமலை! படம் வந்திட்டுடா! அம்பாறை பஸ்ஸில ஒட்டியிருக்கு. அந்த ரைதான், அந்தச் சட்டைதான். நாளைக்கு வெளிக்கிடு."

"எங்க?"

"அம்பாறைக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? அடையாள அட்டையைப் பார்த்தாலே இறக்கி வைச்சு விசாரிக்கிற காலம். சிங்கள ஊருக்குப் படம் பார்க்கப் போறம் எண்டு எந்த மடையன் சொல்லுவான்?"

"நீதான் சொல்லுவாய். உனக்குத்தானே பாசை தெரியும்."

ஆச்சிப்பிள்ளை அடுப்படியில் இருந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. "போ, போய்ச் சொல்லிக் குடு" என்றா. பிறகு வெளியே வந்து, மெல்லமாக, "கூட்டிக்கொண்டு போ. அவ தனியப் போயிருவா" என்றா.

போனோம். பத்தரைக் காட்சி. அம்பாறைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பொம்பிளைகளைச் சோதிக்க ஒரு பொலிஸ்காரி, முப்பது வயதிருக்கும். புஸ்பக்காவின் பையில் இருந்த வெற்றிலைக் கட்டை விரித்துப் பார்த்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு மில் சிங்களமும் மறந்துபோனது. புஸ்பக்கா முன்னுக்குப் போய், தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டி, கையால் வாயை மறைத்து, "சந்தமாலி" என்றா.

பொலிஸ்காரிக்கு முகம் விரிந்துவிட்டது. அவளும் ஞாயிற்றுக்கிழமைக்காரிதான் போல. படபடவென்று கதைத்தாள். பிறகு முகத்தைச் சுளித்து, கையை இல்லை என்று ஆட்டி, என்னிடம் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கினது மூன்று சொல்: அந்தப் பிள்ளை, இல்லை, வேற.

"என்னவாம்டா?"

"நல்ல படமாம். சுறுக்கா போகட்டாம், இடம் கிடைக்காதாம்."

அந்தப் பொய்யைச் சொல்லாமல், திரும்பிப் போவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவ அதற்குள் பஸ்ஸில் ஏறி எனக்கும் சீற் பிடித்துவிட்டா.

தியேட்டரில் லீவில் வந்த ஆமிக்காரர், குடும்பங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம். இருட்டில் நடுவில் நாங்கள் இரண்டு பேர். அங்கே ஒரு தமிழ்ச் சொல் வெளியே விழுந்தால் நூறு தலை திரும்பும். படம் தொடங்கின பிறகுதான் எனக்கு அந்த யோசினை வந்தது: இன்றைக்கு நான் கதை சொல்ல ஏலாது. என் வாய் கட்டு. புஸ்பக்கா முதன்முதலாக அந்த நாடகத்தை நான் இல்லாமல் பார்க்கப் போகிறா.

கலர்ப் படம். ஆனால் வெள்ளைச் சட்டையும் ரையும் பஸ்ஸில் ஒட்டின கடதாசியில்தான். படத்தில் ஐந்து நிமிசத்தில் அதைக் கழற்றிவிட்டு, கொழும்புக் கடற்கரையில் ஆடினார்கள். மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான், அவனுக்குப் பின்னால் மூன்று பேர் ஓடினார்கள். பழைய பெட்டைகளில் இரண்டு பேர் இருந்தார்கள். சந்தமாலி என்று ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பினாள். உயரம், வெள்ளை, சோளப் பொத்தியில் அடுக்கினமாதிரிப் பல்லு. வாயைத் திறந்து கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். கை மேலே போகவே இல்லை.

புஸ்பக்கா என் கையைப் பிடித்தா. அந்த நகம் தோலுக்குள் இறங்கியது. நான் அசையவில்லை.

அவ ஒவ்வொரு காட்சியிலும் பின்னுக்கு நிற்கிறவர்களைத் தேடினா. கடைக்காரி, பஸ்ஸில் போகிறவள், கலியாண வீட்டில் தட்டுப் பிடிக்கிறவள், எல்லா முகத்தையும். ஸ்ரேசன் வரவில்லை. றங்குப்பெட்டி வரவில்லை. தாய் என்று ஒருத்தி ஒரு இடத்திலும் வரவில்லை. சனத்துக்கும் பிடிக்கவில்லை. முன்னால் இருந்த பள்ளிக்கூடப் பெட்டைகள் அந்த நெட்டைச்சி வந்தால் ஊளையிட்டார்கள். ஒரு ஆமிக்காரன் கொட்டாவி விட்டான்.

இடைவேளைக்கு லைற் போட்டார்கள். புஸ்பக்காவுக்குப் பக்கத்தில் இருந்த சிங்கள மனிசி, எங்கள் வயதுக்காரி, திரையைக் கையால் காட்டி, கோவமாக, இவவைப் பார்த்து ஏதோ சொன்னா. இவ இருக்கிற இடத்தை மறந்துபோனா. அந்தப் பெருங்குரலில் தமிழில் சொன்னா:

"அது அவள் இல்லக்கா. பேர் மட்டும்தான் அவள்ட பேர்."

தலைகள் திரும்பின. நான் வெளிவாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அந்த மனிசி இவவின் முகத்தைப் பார்த்தா. பிறகு தலையை ஆட்டினா. ஒரு சொல் விளங்கியிருக்காது, ஆனால் ஆட்டினா. பைக்குள் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து, பாதியைப் புஸ்பக்காவிடம் நீட்டினா. இவ ஒரு வெற்றிலையும் பாக்கும் கொடுத்தா. திரும்பின தலைகள் மெல்ல மெல்லத் தங்கள் இடத்துக்குப் போயின.

மிச்சப் படத்தை அவ பார்க்கவில்லை. மடியில் தோடம்பழத் தோலை வைத்து, நகத்தால் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளிக்கொண்டு இருந்தா.

வரும்போது பஸ்ஸில் சன்னல் பக்கம் அவ. இரண்டு பக்கமும் வெட்டின வயல் வட்டை, வைக்கோல், கொக்கு. அவ கொக்குகளை எண்ணுகிறமாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தா. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லுறன், ஏசாத. நாடகத்தில நான் சொன்ன கதை எல்லாம் என்ட கதை. எனக்கு ஒரு இழவும் விளங்கல்ல. தாயும் இல்ல, காயிதமும் இல்ல. நான் சோடிச்சது."

அவ திரும்பாமலே சொன்னா:

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்தப் பிள்ளை ரெண்டு சொல்லுக்கு வாயசைப்பாள், நீ ரெண்டு முழத்துக்குச் சொல்லுவாய். எனக்கென்ன கண் இல்லையா?"

"பின்ன ஏன்கா ஒவ்வொரு கிழமையும் வந்து குந்தினாய்?"

"உன்ட கதையிலதானேடா அவள் வீட்ட வாறாள்."

சோதனைச் சாவடியில் மறுபடி இறக்கினார்கள். காலையில் நின்ற பொலிஸ்காரி இல்லை. ஏறின பிறகு புஸ்பக்கா தன் பாட்டில் கதைக்கிறமாதிரிச் சொன்னா:

"பேரை அப்பிடியே வைச்சிருக்கிறானுகள். சந்தமாலி, சந்தமாலி எண்டு கூப்பிடுறானுகள். பேரை வைச்சு என்ன செய்யிற? பிள்ளையையல்லோ காணல்ல." சேலைத் தலைப்பு முடிச்சைத் தடவிக்கொண்டு, "நானும் பேரைத்தானே பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றா.

பஸ் களுதாவளையில் நின்றது. அவ வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் கடைக்குள் வந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அந்த டைப் துண்டை அவிழ்த்து மேசையில் வைத்தா. மடிப்பில் கிழியப் பார்த்தது. பெருவிரலை மேல் வரியில் வைத்தா, பழைய பழக்கம். பிறகு எடுத்தா.

"எழுது."

"எப்பிடி?"

"அதில கிடக்கிறமாதிரி. றஸீனா எண்டே எழுது."

நான் ஒவ்வொரு இங்கிலீசு எழுத்தாகப் பார்த்துக் கீறினேன். எனக்கு அவை எழுத்தில்லை, படம்தான். அவ பக்கத்தில் நின்று பார்த்தா.

"இதுதானா அந்தப் பேர்?"

"இதுதான்."

"இவ்வளவுதானா?" என்றா. "நல்லாக் கறுப்பா எழுது. தபால்காரனுக்குத் தெரியோணும்."

"உள்ளுக்கு என்ன எழுத?"

"உள்ளுக்குத் தவமலர் எண்டு தொடங்கு. அதை ஆர் பார்க்கப் போறா? அம்மா ஒவ்வொரு மாசமும் எழுதினவ எண்டு எழுது. பிழையான பேருக்கு எழுதிப்போட்டன் எண்டு... இல்ல, அப்பிடி எழுதாத. சரியான பேருக்குத்தான் எழுதின, அது வரல்ல எண்டு எழுது. சைக்கிள் மாமாட கடையில நிக்குது எண்டும் எழுது."

எழுதினேன். அடுத்த நாள் நானே களுவாஞ்சிக்குடி தபால் கந்தோரில் போட்டேன். அது நடந்து மூன்று மாதம். பதில் இன்னும் வரவில்லை. தபால் போய் வர அவ்வளவு நாள் செல்லும் என்று நான் சொல்லுகிறேன், அவ ஓம் என்கிறா.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இப்போது வேறு ஏதோ விவசாய நிகழ்ச்சி போடுகிறார்கள். ரீவியை நான் போடுவதில்லை. ஆனாலும் அவ வருவா, ரயரை இழுத்துப் போட்டு உட்காருவா, வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்பா:

"எங்கடா நிக்கிறாள்?"

நான் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டுச் சொல்லுவேன். நிசத்தில் எங்கள் பக்கம் ரெயில் ஓடுவதும் ஓடாததும் யாருக்கும் நிச்சயமில்லை. சந்தமாலி ஏறின என் ரெயில் ஓடும். ஆனால் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். பதில் காயிதத்துக்கு முதல் அது வந்து சேர்ந்துவிடக் கூடாது. வெலிக்கந்தையில் எஞ்சின் பழுதென்று மூன்று கிழமை நிற்பாட்டினேன். சந்தமாலி றங்குப்பெட்டியில் உட்கார்ந்து, ஒரு மனிசி தந்த தோடம்பழம் தின்றாள். போன ஞாயிறு புனானை.

"மறுகா?"

"மறுகா வாழைச்சேனை இருக்கு. ஏறாவூர் இருக்கு. அவசரப்படாத."

"நான் அவசரப்படல்ல" என்றா புஸ்பக்கா. எழும்பிப் போகும்போது பின் சுவர்ப் பக்கம் போய், நீலச் சைக்கிளின் பின் ரயரை அந்த நீள நகத்தால் அழுத்திப் பார்த்தா. "காத்துக் கொஞ்சம் குறைஞ்சமாதிரிக் கிடக்கு. அடிச்சு வை."